வான்கூவர் கடலில் குளிர்கால சினூக்: உரிமம் முதல் ஐஸ் பெட்டி வரை

நவம்பர் முதல் மார்ச் வரை வான்கூவரைச் சுற்றியுள்ள கடலில் சினூக் சால்மன் பிடிக்கலாம். ஆற்றுக்குத் திரும்பும் முதிர்ந்த மீன்கள் அல்ல இவை. ஜார்ஜியா நீரிணையிலும், அதிலிருந்து நிலத்துக்குள் நீளும் ஹௌ சவுண்ட் என்ற கடற்கழியிலும் தங்கி, இரை தின்று வளர்ந்துகொண்டிருக்கும் இளம் மீன்கள். வைத்துக்கொள்ளத் தக்கவை பெரும்பாலும் 5 முதல் 12 பவுண்டு இருக்கும். உள்ளூரில் 'விண்டர் ஸ்பிரிங்' என்பார்கள். முட்டைக்காக உடம்பை இன்னும் கரைக்காத மீன் என்பதால் கொழுப்பும் ருசியும் கோடை மீனைவிடக் கூடுதல்.

பிடிக்கும் முறை ட்ரோலிங்: படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே, கனமான குண்டின் உதவியால் ஆழத்தில் தூண்டிலை இழுத்துச் செல்வது. புதிதாக வருபவர்கள் பணத்தையும் கவலையையும் முதலில் தூண்டில் இரையின் நிறத்தில் கொட்டுகிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய விஷயம். காகிதம், வரைபடம், வானிலை, ஆழம் என்ற வரிசையில் போனால் முதல் குளிர்காலத்திலேயே மீன் கிடைக்கும். அபராதமும் கட்ட வேண்டியிருக்காது.

1. காகிதங்கள்

உங்களுக்கு வேண்டியது கனடா மத்திய மீன்வளத் துறையின் கடல்நீர் விளையாட்டு மீன்பிடி உரிமம். துறையின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, அட்டையில் பணம் கட்டினால் சில நிமிடங்களில் கிடைத்துவிடும். கனடாவில் வசிக்கும் பெரியவருக்கு ஆண்டு உரிமம் வரியோடு சுமார் 25 டாலர். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் விருந்தினருக்குக் கட்டணம் பல மடங்கு. அவர்களுக்கு 1, 3, 5 நாள் உரிமங்கள்தான் லாபம். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உரிமம் இலவசம், ஆனால் கட்டாயம். "பையன் சும்மா தூண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தான்" என்று அதிகாரியிடம் சொல்லிப் பயனில்லை.

இங்கே மூன்று இடங்களில் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலாவது, சால்மன் முத்திரை. உரிமம் மட்டும் எடுத்தால் சால்மனைப் பிடித்துத் திரும்பக் கடலில் விடலாம், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வாங்கும்போதே சால்மன் பாதுகாப்பு முத்திரையையும் சேர்த்து வாங்குங்கள். இன்னும் ஏழெட்டு டாலர், அவ்வளவுதான்.

இரண்டாவது, காலக்கெடு. ஆண்டு உரிமம் வாங்கிய தேதியிலிருந்து ஓராண்டு ஓடாது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்பதே கணக்கு. பிப்ரவரி கடைசியில் வாங்கினால் ஒரு மாதத்தில் முடிந்துபோகும். பருவத்தின் கடைசியில் ஒரே ஒரு முறை போகிறவர் ஒரு நாள் உரிமம் எடுப்பதே புத்திசாலித்தனம்.

மூன்றாவது, பதிவு. சினூக்கை வைத்துக்கொள்வதென்று முடிவுசெய்த அந்த நிமிடமே உரிமத்தில் தேதியையும் பகுதியையும் பதிய வேண்டும். கரைக்கு வந்து எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் அதுவே குற்றம். உரிமத்தை அச்சிட்டு, தண்ணீர் புகாத உறையில் போட்டு, கூடவே அழியாத பேனா ஒன்றும் வையுங்கள். குளிரில் சாதாரணப் பந்துமுனைப் பேனா அடிக்கடி எழுத மறுக்கும்; இரண்டாக வைப்பது நல்லது.

இந்த உரிமம் ஆற்றுக்கும் ஏரிக்கும் செல்லாது. அவற்றுக்கு மாகாண அரசின் நன்னீர் உரிமம் தனி.

படகை நீங்களே ஓட்டுவதானால் உல்லாசப் படகு ஓட்டுநர் அட்டை வேண்டும். இணையத்தில் படித்துத் தேர்வு எழுதலாம்; செலவு ஏறத்தாழ 50 டாலர்; ஒருமுறை தேறினால் வாழ்நாள் முழுக்கச் செல்லும். இயந்திரம் 10 குதிரைத்திறனோ அதற்கு மேலோ இருந்தால் படகுக்கே தனியாக உரிம எண் வேண்டும். பழைய படகு வாங்கினால் அந்த எண்ணை உங்கள் பெயருக்கு மாற்ற மறக்காதீர்கள். வி.எச்.எஃப். வானொலி பேசுவதற்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். குளிர்காலத்தில் உதவிக்குக் கூப்பிட அக்கம்பக்கத்தில் வேறு படகே இருக்காது.

2. எத்தனை, எவ்வளவு நீளம், எந்தப் பகுதி

கடல் முழுவதும் எண்ணிட்ட பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஹௌ சவுண்டும் பரார்ட் இன்லெட்டும் பகுதி 28. ஃப்ரேசர் முகத்துவாரமும் அதை ஒட்டிய நீரிணையும் 29. நனைமோ பக்கம் 17, விக்டோரியா 19, சூக் 20. ஒவ்வொன்றுக்குள்ளும் உட்பகுதிகள் உண்டு. நீங்கள் நிற்கும் உட்பகுதியின் எண் என்ன என்று தெரியாமல் தூண்டில் இறக்காதீர்கள். விதி உட்பகுதிக்கு உட்பகுதி மாறும், பருவத்தின் நடுவிலும் மாறும்.

இவற்றில் 17, 28, 29 ஆகிய பகுதிகளில் சினூக்கின் குறைந்தபட்ச நீளம் 62 சென்டிமீட்டர். அளவெடுப்பது மூக்கு நுனியிலிருந்து வால் கவை வரை. வால் நுனி வரை அல்ல. வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் 45 சென்டிமீட்டர் என்று இருப்பதைப் படித்துவிட்டு ஹௌ சவுண்டில் 50 சென்டிமீட்டர் மீனைப் பெட்டியில் போடுகிறவர்கள் உண்டு. நாள் வரம்பு திறந்திருக்கும் காலத்தில் பொதுவாக 2. 2019 முதல் ஒருவருக்கு ஓர் ஆண்டில் மொத்தம் 10 சினூக் என்ற வரம்பும் இருக்கிறது. அதைக் கணக்குப் பார்ப்பது உங்கள் உரிமத்தில் உள்ள பதிவை வைத்துத்தான். இந்த எண்களை மனப்பாடம் செய்துகொண்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மீன்வளத் துறையின் அறிவிப்புகள் மின்னஞ்சலில் வரும்படி பதிந்துகொண்டு, கிளம்பும் முந்தைய இரவு உங்கள் பகுதியின் பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.

சால்மனுக்கு எதிர்முள் இல்லாத தூண்டில் முள்தான் சட்டம். கடையில் எதிர்முள்ளோடு விற்பதை வாங்கினால் குறடால் நசுக்கிச் சமமாக்குங்கள். பஞ்சில் குத்தி இழுத்துப் பாருங்கள். சிக்காமல் வந்தால் சரி. இழை பிடித்தால் இன்னும் நசுக்க வேண்டும்.

3. தூண்டில் போடக் கூடாத இடங்கள்

இதற்குத் தனித் தலைப்பே வேண்டும். மீன் நன்றாகக் கிடைக்கும் பாறைமுனைகளை ஒட்டியேதான் தடைப் பகுதிகளும் இருக்கின்றன.

பாறைமீன் பாதுகாப்புப் பகுதிகளுக்குள் சால்மன் ட்ரோலிங்குக்கும் தடை. "பாறைமீனைப் பிடிக்கவில்லை, சால்மனைத்தான் தேடினேன்" என்ற வாதம் எடுபடாது. அங்கே நண்டுக் கூடும் இறால் கூடும் போடலாம், தூண்டில் போடக் கூடாது. ஹௌ சவுண்டில் மட்டும் இப்படிப் பல பகுதிகள் உள்ளன. எல்லைகள் கோணலாகப் போகும். ஒரு முனையின் தெற்குப் பக்கம் திறந்தும் வடக்குப் பக்கம் மூடியும் இருக்கும்.

அடுத்தது கண்ணாடிக் கடற்பஞ்சுத் திட்டுகள். நீரிணையில் 2015இலும் ஹௌ சவுண்டில் 2019இலும் இவற்றைக் காக்கும் தடைகள் வந்தன. இங்கே சால்மன் ட்ரோலிங்கில் டவுன்ரிக்கர், அதாவது குண்டையும் தூண்டிலையும் கம்பியில் ஆழத்துக்கு இறக்கும் கருவி, பயன்படுத்துவதே தடை. காரணம் எளிது: கடற்பஞ்சு கண்ணாடி போல நொறுங்கும், நம் ஈயக்குண்டு அடித்தரையை உரசும். உடைந்த திட்டு மீண்டும் வளர நம் ஆயுள் போதாது. அந்தத் திட்டுகளைச் சுற்றித்தான் சிறுமீன்கள் கூடுகின்றன என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விதியைப் பயத்துக்காக இல்லாமல் மனதார மதியுங்கள்.

செய்ய வேண்டியது: இவ்விரு வகை எல்லைகளின் ஆயத்தொலைவுகளும் துறையின் தளத்தில் கிடைக்கும். வீட்டில் சூடான அறையில் உட்கார்ந்து படகின் வரைபடக் கருவியில் அவற்றைக் குறியுங்கள். கை மரத்துப்போன நிலையில், ஆடும் படகில், கைப்பேசித் திரையில் தேடுவது நடக்காத காரியம்.

திமிங்கிலம் தெரிந்தால் அன்றைய இடத்தை மாற்றுங்கள். ஓர்கா எனப்படும் கருந்திமிங்கிலங்களிடமிருந்து சட்டம் கேட்கும் விலகல் தூரம் அவ்வப்போது மாறும், மீறினால் தண்டனை கடுமை. 1000 மீட்டருக்குள் அவை வந்துவிட்டால் தூண்டில்களைச் சுருட்டி, ஆழமானியை அணைத்து, மெதுவாக விலகிவிடுங்கள். அவற்றில் ஒரு பிரிவுக்கு முக்கிய உணவு இதே சினூக்தான்.

4. எங்கே தொடங்கலாம்

சொந்தப் படகு இல்லாவிட்டால் முதல் குளிர்காலத்தில் வாங்காதீர்கள். வழிகாட்டியோடு வரும் வாடகைப் படகை நான்கு பேராக எடுங்கள். செலவைப் பிரித்துக்கொண்டால் தாங்கும். அந்த ஒரு நாளில் வழிகாட்டியின் டவுன்ரிக்கர் எண்ணையும், கம்பியின் சாய்வையும், படகைத் திருப்பும் விதத்தையும் உற்றுப் பாருங்கள். பத்துக் காணொளி பார்ப்பதைவிட அது மேல்.

சொந்தமாகப் போகிறவர்களுக்கு, ஹார்ஸ்ஷூ பேக்குச் சற்று வடக்கே உள்ள 'ஹோல் இன் த வால்' நல்ல தொடக்கம். படகுத்துறை பக்கத்திலேயே இருக்கிறது, தெற்குக் காற்றிலிருந்து ஓரளவு மறைவும் உண்டு. போவன் தீவின் தெற்கிலும் மேற்கிலும் கோவன் முனை, ரோஜர் கர்டிஸ் முனை, டன்ஸ்டால் பே ஆகியவை பெயர் பெற்றவை; ஆனால் நீரிணையின் அலை நேராக அடிக்கும். நீரிணையைக் கடந்து கேப்ரியோலா தீவருகே உள்ள த்ராஷர் பாறைக்குப் போகும் ஆசை எல்லோருக்கும் வரும். அனுபவம் சேரும் வரை அது வேண்டாம். போகும்போது கண்ணாடி போலிருந்த கடல் திரும்பும்போது அப்படியே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஹார்ஸ்ஷூ பேயில் படகுத்தடம் மூன்று திசைகளுக்குப் போகும் ஃபெரிகளால் நிறைந்திருக்கும். ட்ரோலிங் செய்யும் படகுக்கு மீன்பிடிக் கப்பலுக்குரிய முன்னுரிமை கடல் விதிகளில் கிடையாது. மீன் மாட்டியிருந்தாலும் ஒதுங்க வேண்டியது நீங்கள்தான். ஃபெரி அட்டவணையைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டால் அந்த நேரத்துக்கு முன்பே தடத்தைவிட்டு நகர்ந்துவிடலாம்.

5. நாளும் நேரமும்

டிசம்பரில் இங்கே சூரியன் எட்டு மணியளவில் உதித்து, நாலேகாலுக்கெல்லாம் மறைகிறது. கிளம்புவதும் திரும்புவதும் இருட்டில்தான் என்று வைத்து, படகின் விளக்குகளை முந்தைய நாளே சோதியுங்கள். வெட்டிய மரக்கட்டைகள் கடலில் பாதி மூழ்கி மிதப்பது இந்தக் கடலின் தீராத தொல்லை. வெளிச்சம் வரும் வரை வேகம் பிடிக்காதீர்கள்.

ஓதம் திரும்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னும்தான் கடி அதிகம். நீரோட்டம் தளரும்போது இரைமீன் கூட்டம் கலைந்து நகர்கிறது, சினூக் அதைத் துரத்துகிறது. வான்கூவர் பக்கத்துக்குப் பாயிண்ட் அட்கின்ஸன் ஓத அட்டவணையைப் பாருங்கள். விடியலும் ஓதம் திரும்பும் நேரமும் ஒன்றாக வரும் நாள் கிடைத்தால் விடுப்பு எடுத்தாவது போகலாம். ஜார்ஜியா நீரிணையில் குளிர்காலத்தின் மிகத் தாழ்ந்த வற்றம் பெரும்பாலும் இரவில் விழுவதால், பகலில் இறக்குதளத்தில் தண்ணீர் இல்லாத சிக்கல் அரிது.

காற்றுக்கு கனடா சுற்றுச்சூழல் துறையின் கடல் முன்னறிவிப்பில் ஹௌ சவுண்ட், நனைமோவுக்குத் தெற்கே ஜார்ஜியா நீரிணை என இரண்டையும் படியுங்கள். முன்னறிவிப்போடு நிறுத்தாமல், ஹாலிபட் பேங்க் மிதவை 46146 அந்த மணியில் காட்டும் காற்றையும் அலையையும் பாருங்கள். சிறு படகுக்கு 15 நாட் காற்று என்றாலே வீட்டில் இருப்பது நல்லது. வானம் நீலமாய்ப் பளிச்சென்று, கடுங்குளிராய் இருக்கும் நாளில் தனிக் கவனம் வேண்டும். உள்நாட்டுக் குளிர்காற்று ஸ்குவாமிஷ் பள்ளத்தாக்கு வழியாக ஹௌ சவுண்டுக்குள் பாய்ந்து இறங்கும் நாட்கள் அவைதான். வெயிலைப் பார்த்து ஏமாந்து போகிறார்கள்.

6. தண்ணீரில் விழுந்தால்

குளிர்காலக் கடல் நீரின் வெப்பம் 6 முதல் 9 டிகிரி வரை. விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு திணறும். அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். ஏறத்தாழ 1 மணி நேரத்தில் நினைவு தப்பும். ஆகவே மிதவைச் சட்டை பெட்டிக்குள் இருப்பதில் அர்த்தமில்லை, உடம்பில் இருக்க வேண்டும். முழு உடம்பையும் மூடும் மிதவை அங்கி 300 டாலருக்கு மேல் ஆகும். கருவிகளில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். பருத்தி உடை வேண்டவே வேண்டாம். கம்பளி, அதன் மேல் மழை அங்கி.

சட்டப்படி படகில் இருக்க வேண்டியவற்றில் முக்கியமானவை: ஒவ்வொருவருக்கும் அளவான மிதவைச் சட்டை, 15 மீட்டர் மிதக்கும் எறிகயிறு, ஒலி எழுப்பும் கருவி, நீர்புகாத கைவிளக்கு, படகின் நீளத்துக்கேற்ற ஒளிக்குறி வெடிகள், பக்கச்சுவர் உயரமான படகானால் மேலேற ஏணி. ஒளிக்குறி வெடிகள் தயாரித்த தேதியிலிருந்து 4 ஆண்டுதான் செல்லும்; பழைய படகோடு வரும் பெட்டியில் பெரும்பாலும் காலாவதியானவையே இருக்கும். வி.எச்.எஃப். வானொலியில் அவசர அலைவரிசை 16.

7. கருவிகளில் எங்கே செலவழிப்பது

டவுன்ரிக்கரில் செலவழியுங்கள். தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் கருவி அதுதான். கையால் சுற்றும் வகை 350 முதல் 500 டாலர் வரை. மின்சார வகை 900 டாலருக்கு மேல். கோடையில் 60 அடிக்குக் கைச்சுற்று போதும். குளிர்காலத்தில் 180 அடியிலிருந்து 15 பவுண்டு குண்டை அரைமணிக்கொரு முறை சுற்றி ஏற்றினால் மதியத்துக்குள் தோள்பட்டை விட்டுப்போகும். பிறகு ஏற்றிப் பார்க்கச் சோம்பல் வரும், அதனாலேயே மீன் போகும். இரண்டு கைச்சுற்று வாங்குவதைவிட ஒரு மின்சாரக் கருவி மேல்.

குண்டு 12 பவுண்டுக்குக் குறையக் கூடாது. 15 இன்னும் நல்லது. மாற்றுக் குண்டு ஒன்று எப்போதும் படகில் இருக்கட்டும். கம்பியை வெட்டும் வெட்டுக்கத்தரியும் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

தடி 10 அல்லது பத்தரை அடி, நுனி இளக்கமானது. ரீலுக்கு இங்கே எல்லோரும் ஒற்றைச் சுற்று ரீல்தான் வைத்திருக்கிறார்கள். மீன் ஓடும்போது கைப்பிடியும் எதிர்த்திசையில் சுழலும், விரலை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் விரல் முட்டி வீங்கும். 25 அல்லது 30 பவுண்டு நரம்பு 300 மீட்டராவது சுற்றுங்கள். தடி, ரீல், நரம்பு மூன்றும் சேர்ந்து 250 டாலரில் நல்லதாகவே கிடைக்கும். 500 டாலர் ரீல் அழகானது. அதனால் கூடுதலாக ஒரு மீனும் கடிக்காது.

இரைகளில் இரண்டு ஃப்ளாஷர், நான்கு ஸ்பூன், நான்கு ஹூச்சி போதும். ஃப்ளாஷர் என்பது தண்ணீரில் சுழன்று மின்னி மீனை ஈர்க்கும் தகடு; 11 அங்குலம். ஸ்பூன் என்பது சிறுமீன் போல ஆடும் உலோகத் தகடு; 3 முதல் 4 அங்குலம், ஒடுங்கியது. ஹூச்சி என்பது கணவாய் போன்ற பிளாஸ்டிக் குஞ்சம். நிறத்தில் பச்சையும் வெள்ளையும், இருட்டில் ஒளிரும் வகை. 150 அடியில் குளிர்கால வெளிச்சம் ஏறக்குறைய இல்லை. ஆகவே ஒளிரும் பூச்சைத் தண்ணீரில் விடுமுன் கைவிளக்கால் சில நொடி காட்டி ஏற்றுங்கள். இவை எல்லாம் சேர்த்து 130 டாலருக்குள் முடியும்.

8. கட்டும் முறை

வரிசை இப்படி: ரீலிலிருந்து வரும் நரம்பு, அதில் ஒரு சுழல்வளையம், ஃப்ளாஷர், ஃப்ளாஷரின் வாலிலிருந்து இணைநரம்பு, கடைசியில் இரை.

இணைநரம்பின் நீளத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். ஹூச்சிக்குத் தானாக ஆடத் தெரியாது; ஃப்ளாஷர் சுழலும் உதையில்தான் ஆடும். ஆகவே குட்டையாக, 36 முதல் 42 அங்குலம். 40 பவுண்டு கனமான நரம்பாக இருந்தால் உதை சரியாகக் கடத்தப்படும். ஸ்பூன் தானே ஆடும். ஃப்ளாஷர் அதை இழுத்துக் கெடுக்காதபடி 5 முதல் 6 அடி, 30 பவுண்டு. பதனிட்ட நெத்திலியை, அதன் தலையைப் பிடிக்கும் பிளாஸ்டிக் மூடியில் பொருத்திப் போடுகிறவர்களும் 6 அடி வைக்கிறார்கள். ஹூச்சியை 6 அடி நரம்பில் கட்டினால் செத்த துணிபோல இழுபட்டு வரும், எந்த மீனும் திரும்பிப் பார்க்காது.

இறக்குமுன் படகோரம் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். ஃப்ளாஷர் முழு வட்டமாக நிதானமாய்ச் சுழல வேண்டும். இடதும் வலதுமாக அசைந்தால் வேகம் போதாது. அச்சில் சுற்றுவதுபோல் விறுவிறுவென்று சுழன்றால் வேகம் அதிகம்.

ஃப்ளாஷருக்குப் பின்னால் அல்ல, முன்னால் 15 முதல் 20 அடி நரம்பை விட்டு, அந்த இடத்தை டவுன்ரிக்கர் கம்பியில் உள்ள கிளிப்பில் மாட்டுங்கள். கிளிப் இறுக்கமாக இருந்தால் சிறுமீன் மாட்டியது தெரியாது. தளர்ந்திருந்தால் இறக்கும்போதே கழன்றுவிடும். கையால் வெடுக்கென்று இழுத்தால் விடுபட வேண்டும், அந்த அளவு.

குண்டை மெல்ல இறக்குங்கள். சட்டென்று விட்டால் இரை பின்னால் மிதந்து கம்பியைச் சுற்றிக்கொள்ளும். அரைமணி நேரம் வெறும் சிக்கலை இழுத்துக்கொண்டிருப்பீர்கள்.

9. ஆழம்

குளிர்கால சினூக் தேடும் இரை ஹெர்ரிங்கும் மணல் ஈட்டிமீனும். இரண்டுமே பகலில் அடித்தரையை ஒட்டிக் கூடும். குண்டு தரையிலிருந்து 5 முதல் 10 அடிக்குள் ஓட வேண்டும். 120 முதல் 200 அடி ஆழமுள்ள சரிவுகள் தொடங்க ஏற்றவை. நடுநீரில் இழுத்தால் நாள் முழுக்க இழுக்கலாம், அவ்வளவுதான்.

இதில் இரண்டு கணக்குகள் உங்களைக் கவிழ்க்கும்.

ஒன்று அலகு. கனடிய வரைபடங்கள் பல மீட்டரில் இருக்கின்றன, டவுன்ரிக்கர் எண் அடியில் இருக்கிறது. 50 மீட்டர் என்றால் 164 அடி. ஆழமானியை அடிக்கு மாற்றிவைத்துக் குழப்பத்தை முதலிலேயே தீருங்கள்.

இரண்டு சாய்வு. படகு ஓடும்போது கம்பி நேராகத் தொங்காது, பின்னால் சாயும். 30 டிகிரி சாய்ந்தால் 150 அடி கம்பிக்குக் குண்டு இருப்பது 130 அடியில். 45 டிகிரி என்றால் வெறும் 106 அடி. எண்ணைப் பார்த்து தரைக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்று நம்பி, 40 அடி மேலே இழுத்துக்கொண்டிருப்பது புதியவர்களிடம் மிக அதிகமாகக் காணும் பிழை. சாய்வு அதிகமானால் வேகத்தைக் குறையுங்கள் அல்லது குண்டைக் கனமாக்குங்கள்.

சரியான வழி: மணல் அல்லது சேற்றுத் தரையில் குண்டை மெல்ல இறக்கித் தரையைத் தொடுங்கள். கம்பி தளர்வது தெரியும். அங்கிருந்து 5 அடி ஏற்றுங்கள். ஆழமானியைப் பார்த்தபடி, தரை ஏறினால் ஏற்றி, இறங்கினால் இறக்கி, ஒருவர் கை எப்போதும் டவுன்ரிக்கரின் பொத்தானிலேயே இருக்கட்டும். பாறைத் தரையில் தொடவே தொடாதீர்கள்.

குண்டு பாறையில் சிக்கினால் முதல் வேலை இயந்திரத்தை நடுநிலைக்குக் கொண்டுவருவது, அடுத்து டவுன்ரிக்கரின் பிடியைத் தளர்த்துவது. பிறகு வந்த வழியே திரும்பிப் போய், சிக்கிய இடத்துக்கு அப்பாலிருந்து இழுத்தால் பெரும்பாலும் விடுபடும். இயந்திர பலத்தால் இழுக்க முயல்வது ஆபத்து: வலுத்த நீரோட்டத்தில் கம்பி படகின் பின்பக்கத்தையே கீழே இழுத்துத் தண்ணீர் ஏறிவிடும். அந்த நிலை வந்தால் யோசிக்காமல் கம்பியை வெட்டுங்கள். குண்டு எண்பது டாலர்தான்.

ஹௌ சவுண்டில் இறால் கூடுகளின் மிதவைகளும் நிறைய. மிதவையிலிருந்து கயிறு நேராக இறங்காது, நீரோட்டத்தில் சாய்ந்து நீண்டிருக்கும். மிதவைக்கு எதிர்நீரோட்டப் பக்கமாகப் போகாமல் நன்றாக விலகிச் செல்லுங்கள்.

10. ஓட்டும் முறை

தண்ணீரில் 2 முதல் இரண்டரை நாட் வேகம் போதும். ஜி.பி.எஸ். காட்டுவது தரையைச் சார்ந்த வேகம். நீரோட்டத்தோடு போகும்போது அது 3.5 காட்டினாலும் இரை சரியாகவே ஆடிக்கொண்டிருக்கலாம். எண்ணைவிடக் கம்பியின் சாய்வை நம்புங்கள். நல்ல கடி வந்தபோது சாய்வு எவ்வளவு இருந்ததோ, அதையே திரும்பக் கொண்டுவாருங்கள்.

பெரும்பாலும் நீரோட்டத்தோடு ஓட்டுவது பலன் தரும். முனையைச் சுற்றி நீர் ஓடும்போது அதன் மறுபக்கத்தில் எதிர்ச்சுழல் உண்டாகிறது. இரைமீன் அங்கே ஒதுங்கும். அந்தச் சுழலின் விளிம்பில் ஓட்டுங்கள். ஏற்றத்தில் ஒரு பக்கம், வற்றத்தில் மறுபக்கம். ஆழமானியில் தரையை ஒட்டி மேகம்போல் இரைக் கூட்டம் தெரிந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அதன் மேலேயே திரும்பத் திரும்ப வாருங்கள். இரை தெரியாத இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுமை காட்ட வேண்டியதில்லை.

நேராக மட்டும் ஓட்டாமல் லேசாக வளைந்து செல்லுங்கள். வளைவின் உள்பக்கத் தூண்டில் மெதுவாகி இறங்கும், வெளிப்பக்கத் தூண்டில் வேகமாகி ஏறும். எந்தப் பக்கம் கடி வருகிறது என்பது வேகத்தைக் கூட்டவா குறைக்கவா என்று சொல்லிவிடும்.

அரைமணிக்கொருமுறை ஏற்றிப் பாருங்கள். 40 சென்டிமீட்டர் குட்டி சினூக் மாட்டினால் கிளிப்பை விடுவிக்கும் பலம் அதற்கு இல்லை. தடி நுனி மட்டும் சற்றே துடிக்கும். கவனிக்காமல் இழுத்தால் அது செத்துவிடும், அத்தோடு உங்கள் தூண்டிலும் வேலை செய்யாது.

11. கடித்த பின்

வில்லாய் வளைந்திருந்த தடி நுனி திடீரென நிமிர்ந்தால் மீன் கிளிப்பை விடுவித்து மேலே வருகிறது. தடியை எடுத்து, தளர்வு தீரும் வரை வேகமாகச் சுற்றுங்கள். எதிர்முள் இல்லாத முள்ளில் தளர்வு விழுந்தால் மீன் போய்விடும். போகும் மீன்களில் பாதி இந்த முதல் சில நொடிகளில்தான் போகின்றன. படகை நிறுத்தாமல் மெல்ல முன்னோக்கியே ஓட்டுங்கள். மற்றவர் அந்தப் பக்கக் குண்டை ஏற்றட்டும்.

சீலும் கடற்சிங்கமும் சுற்றினால் மீனை விளையாட விடாமல் சீக்கிரம் கொண்டுவாருங்கள். ஃப்ளாஷர் தடி நுனிக்கு வந்ததும் சுற்றுவதை நிறுத்தி, தடியை உயர்த்திப் பின்னால் நகர்ந்து மீனைக் கொண்டுவர வேண்டும். கைவலையைத் தண்ணீருக்குள் வைத்துக் காத்திருந்து, மீனின் தலையை அதற்குள் செலுத்துங்கள். வாலிலிருந்து கோரினால் துள்ளித் தப்பும்.

வலை போடுமுன்பே பார்க்க வேண்டியவை: நீளம், இனம். சினூக்குக்குப் பல் ஈறு கறுப்பு, வாலின் இரண்டு மடலிலும் புள்ளி. கோஹோவுக்குப் பல் அடியில் ஈறு வெளுப்பு, வாலின் மேல் மடலில் மட்டும் புள்ளி. நீளம் குறைந்ததென்று தெரிந்தால் வலையே வேண்டாம். தண்ணீரிலேயே வைத்து, விடுவிக்கும் கொக்கியை முள்ளின் வளைவில் மாட்டித் திருப்பினால் விழுந்துவிடும். வலையில் செதிள் உதிர்ந்த குட்டிமீன் நீந்திப் போனாலும் பிழைக்கும் வாய்ப்பு குறைவு. குளிர்காலத்தில் பிடிபடுபவற்றில் பெரும்பாலானவை அளவுக்குக் குறைந்தவையே என்பதால், இந்தக் கைப்பழக்கம்தான் அடுத்த ஆண்டின் மீனைத் தீர்மானிக்கிறது.

வைத்துக்கொள்ளும் மீனைத் தலையில் ஒரே அடியில் கொன்று, செவுளை அறுத்து இரத்தம் வடியவிடுங்கள். உரிமத்தில் எழுதுங்கள். பிறகே ஐஸ் பெட்டி. வெளியே குளிராக இருந்தாலும் ஐஸும் கடல்நீரும் கலந்த குழம்பில் போட்டால்தான் சதை கெட்டியாக நிற்கும். ஆழத்தையும் இடத்தையும் நேரத்தையும் குறித்துவிட்டு, அதே ஆழத்துக்கு உடனே தூண்டிலை இறக்குங்கள். ஒன்று இருந்த இடத்தில் இன்னும் இருக்கும்.

வயிற்றைத் திறந்து பாருங்கள். உள்ளே மணல் ஈட்டிமீன் என்றால் ஒடுங்கிய ஸ்பூன். அகன்ற ஹெர்ரிங் என்றால் அதற்கேற்ற அகலம். அன்றைக்கு எந்த இரை என்பதற்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

கடலிலேயே துண்டு போடாதீர்கள். அதிகாரி பார்க்கும்போது மீனின் எண்ணிக்கை, இனம், நீளம் மூன்றும் தெரிய வேண்டும்.

12. கரையில்

முதுகின் பின்பக்கம், வாலுக்கு முன்னால் ஒரு சின்னக் கொழுப்புத் துடுப்பு இருக்கும். அது வெட்டப்பட்டிருந்தால் குஞ்சுப்பண்ணை மீன். மூக்கெலும்புக்குள் குறியிட்ட நுண்கம்பி இருக்கலாம். அந்தத் தலையை மீன்வளத் துறையின் தலை சேகரிப்பு இடங்களில் கொடுங்கள். படகுத்துறைகளிலும் சில தூண்டில் கடைகளிலும் பெட்டி இருக்கும். எந்த ஆற்று மீன் எங்கே பிடிபடுகிறது என்ற கணக்கு அதிலிருந்துதான் வருகிறது, அடுத்த பருவம் திறப்பதும் அந்தக் கணக்கை வைத்துத்தான். துடுப்பு முழுதாக இருக்கும் மீனின் தலையைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

டவுன்ரிக்கர், ரீல், முள் எல்லாவற்றையும் நன்னீரில் கழுவுங்கள். குண்டுக்கு மேலே உள்ள முதல் பத்தடிக் கம்பியை விரலால் தடவிப் பார்த்து, இழை பிரிந்திருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். குண்டு தொலைவது பெரும்பாலும் அந்தப் பத்தடியில்தான். ரீல் நரம்பின் கிளிப் மாட்டும் பகுதியும் நசுங்கியிருக்கும், அதையும் வெட்டுங்கள். முள்ளை நகத்தில் வைத்து நகர்த்திப் பாருங்கள். வழுக்கினால் கூர் போய்விட்டது, மாற்றுங்கள்.

மார்ச் 31 நெருங்கும்போது அறிவிப்புகளை மீண்டும் பாருங்கள். ஃப்ரேசர் சினூக்கைக் காக்க அண்மை ஆண்டுகளில் ஏப்ரல் 1 முதல் கோடை வரை இங்கே பல பகுதிகளில் சினூக்கை வைத்துக்கொள்ளத் தடை இருந்து வருகிறது. புதிய உரிமம் கையில் இருந்தாலும், அந்தத் தடை நீங்கும் தேதி தெரியாமல் படகை இறக்காதீர்கள்.